நொடித்தவர் சரக்கு

பாதி விலை என்று எங்காவது எழுதியிருந்தால் முதலில் ஆசைதான் வருகிறது. அடுத்து ஒரு கேள்வி வருகிறது: மீதிப் பாதியை யார் கொடுத்தார்கள்? நகரத்துக் கடையில் இதற்குப் பதில் கிடையாது. சரக்கு எங்கிருந்தோ வருகிறது, நட்டம் யார் தலையிலோ விடிகிறது, நடுவில் நம் கையில் ஒரு பை. கேட்டுப் பார்த்து, அலுத்துப்போய் விட்டுவிடுகிறோம். சின்ன ஊரில் அப்படி விட்டுவிட முடியாது என்று தோன்றுகிறது. அங்கே விற்பவரையும் தெரியும், அவருக்குப் போட்டியாக எதிர்ச்சாரியில் கடை போட்டிருப்பவரையும் தெரியும், போன மாதம் கடையை மூடிவிட்டு யார் கண்ணிலும் படாமல் நடமாடுகிறவரையும் தெரியும். மலிவுக்கு அங்கே ஒரு முகம் உண்டு. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே எப்படி வாங்கினார்கள்? வெகுநாளாக என்னை விடாத இந்தக் கேள்வியை என் சொந்த ஊரை வைத்தே யோசித்திருக்கலாம். ஆனால் பழக்கம் கண்ணை மறைக்கிறது. அதனால் இருநூறு ஆண்டுக்கு முந்தைய, எனக்கு எந்த ஒட்டும் உறவும் இல்லாத ஓர் ஆங்கிலேயச் சிற்றூரின் நோட்டீஸ்களிடம் போய் நிற்கிறேன்.

ஊரின் பெயர் அல்வர்ஸ்டன். அன்றைக்கு லங்காஷயரைச் சேர்ந்தது. மோர்கேம் விரிகுடா நடுவில் குறுக்கிடுவதால் மாவட்டத்தின் மற்ற பகுதியிலிருந்து வெட்டிவிட்டதுபோல் கிடந்த பகுதி அது. லங்காஸ்டரிலிருந்து வருகிறவர்கள் கடல் உள்வாங்கும் நேரம் பார்த்து ஈர மணல்மேல் வண்டியோட்டி வர வேண்டும். நேரம் தப்பினால் அலை வந்துவிடும். 1857-இல் ரயில் வரும்வரை இதுதான் நிலை. 1796-இல் ஊருக்கும் கடலுக்கும் இடையே ஒரு குட்டைக் கால்வாயை வெட்டி முடித்தார்கள். அதே ஆண்டிலிருந்து ஜான் சோல்பி என்பவர் அங்கே அச்சடித்த தாள்கள் நமக்குக் கிடைக்கின்றன. அவருக்குப் பின் அதே பெயர் கொண்ட மகன், 1827 வரை. ஏல அறிவிப்பு, கடைத் திறப்பு, காட்டு விலங்குக் காட்சி என்று ஊருக்கு எதெல்லாம் சொல்ல வேண்டியிருந்ததோ அதையெல்லாம் அடித்துக்கொடுத்து, ஒவ்வொரு பிரதியை எடுத்து வைத்திருக்கிறார்கள். 1966-இல் ரெடிங் பல்கலைக்கழகம் மைக்கேல் ட்வைமனைக் கொண்டு இதைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டது. சிற்றூர் அச்சகத்தின் அன்றாட வேலை இப்படித் தொகையாகத் தப்பிப் பிழைப்பது அபூர்வம். நோட்டீஸின் ஆயுள் மழை வரும்வரைதான்.

பிரதி எடுத்து வைப்பதற்குச் சட்டமும் ஒரு காரணமாக இருந்த காலம் அது. பிரெஞ்சுப் புரட்சி பயத்தில் 1799-இல் ஒரு சட்டம் வந்தது. அச்சிடுகிறவர் ஒவ்வொரு தாளிலும் தன் பெயரையும் முகவரியையும் போட வேண்டும். ஒரு பிரதியில் வேலை கொடுத்தவரின் பெயரை எழுதி ஆறு மாதம் பாதுகாக்க வேண்டும். தவறினால் 20 பவுண்டு அபராதம். இந்தச் சட்டத்திலேயே ஒரு விலக்கும் இருந்தது. வியாபாரியின் பெயர், தொழில், அவர் விற்கும் பொருள்கள் ஆகியவற்றை மட்டும் சொல்லும் தாளுக்கும், ஏலத்திலோ வேறு வகையிலோ சரக்கு விற்கும் அறிவிப்புக்கும் இந்த விதி கிடையாது. எனக்கு இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. எதில் கலகம் பதுங்கியிருக்கும் என்று இண்டு இடுக்கெல்லாம் தேடிய அரசாங்கம், மலிவு விற்பனை நோட்டீஸை மட்டும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, இதனால் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று திருப்பிக் கொடுத்திருக்கிறது. செய்தித்தாளில் விளம்பரம் போட்டால் கதை வேறு. 1815 முதல் 1833 வரை ஒரு விளம்பரத்துக்கு மூன்றரை ஷில்லிங் வரி. இரண்டு வரியானாலும் ஒரு பத்தியானாலும் அதே வரிதான். பின்னாளில், 1850-51-இல் ஜேம்ஸ் கெய்ர்ட் ஊர் ஊராகப் போய்க் கணக்கெடுத்தபோது வட இங்கிலாந்தின் பண்ணைக் கூலி வாரத்துக்குப் பதினொன்றரை ஷில்லிங்; அதை நினைத்தால் இந்த வரியின் பாரம் தெரியும். சில்லறைக் கடைக்காரருக்கு அது கட்டுப்படியாகாது. அவர் உள்ளூர் அச்சகத்துக்குப் போய் நோட்டீஸ் அடித்தார். விளம்பர வரி 1853-இல்தான் ஒழிந்தது.

அந்தக் காலத்து விற்பனை நோட்டீஸைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அடிமரம்போல் தடித்த கறுப்பு எழுத்துகள் அப்போதுதான் புதிதாக வந்திருந்தன. புத்தகத்துக்கு அவை ஆகாது, சுவருக்குத்தான் ஆகும். சிற்றூர் அச்சகத்தில் பெரிய எழுத்து ஒவ்வொன்றிலும் சிலவே இருக்கும். ஒரு வரியில் தீர்ந்துபோனால் அடுத்த வரிக்கு வேறு வகை எழுத்தை எடுக்க வேண்டும். அதனால் ஒரே தாளில் ஒரு வரி குண்டாகவும், அடுத்தது ஒல்லியாகவும், அதற்கடுத்தது சாய்ந்தும் நிற்கும். பார்ப்பவருக்கு உற்சாகம்போல் தெரிவதில் பாதி எழுத்துப் பற்றாக்குறைதான். மேலே கண்ணைப் பறிக்கும் அளவில் ‘மலிவு’. கீழே வர வர எழுத்து சிறுத்துக்கொண்டே போகும். துணி வகைகளின் பெயர்கள், கஜம் இன்ன விலை. எல்லாவற்றுக்கும் அடியில், தாள் முடிகிற இடத்தில், ரொக்கத்துக்கு மட்டும் என்ற நிபந்தனை. மேலே உள்ள தடித்த எழுத்து எல்லாரையும் கூப்பிடுகிறது. அடியில் உள்ள பொடி எழுத்து பாதிப் பேரைத் திருப்பி அனுப்புகிறது. (துணி வகைகளின் பெயர்களில் பல இந்தியப் பெயர்கள், துணி லங்காஷயர் ஆலைத் துணி. அந்த மலிவு எந்தெந்தத் தறிகளை நிறுத்தியது என்பது நமக்குத் தெரிந்த கதை. இங்கே அதற்குள் போனால் திரும்பி வர முடியாது.)

ரொக்கம் என்பது அங்கே சாதாரணச் சொல் அல்ல. சிற்றூர்க் கடை பற்று நோட்டில் ஓடியது. பெரிய வீட்டார் வருடக்கணக்கில் வைத்துக் கொடுப்பார்கள். கேட்டால் கௌரவக் குறைச்சல். கூலிக்காரர்கள் அறுவடை வரை, அடுத்த வாரம் வரை என்று இழுப்பார்கள். அதனால் விலை என்பது பொருளின்மேல் ஒட்டியிருக்கவில்லை. வருகிறவரின் முகத்தில் இருந்தது. கடைக்காரர் துணிக்கட்டின் ஓரத்தில் அடக்க விலையை ரகசிய எழுத்தில் குறித்து வைப்பார். எழுத்து திரும்ப வராத பத்தெழுத்துச் சொல் ஒன்றைத் தேர்ந்து, ஒவ்வோர் எழுத்தையும் ஒரு எண்ணாக வைத்துக்கொள்வது வழக்கம். அந்தச் சொல் கடைக்குக் கடை வேறு. வேலை பழகும் பையனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தால் அவன் உள்ளாள் ஆகிவிட்டான் என்று அர்த்தம். குறிப்பைப் பார்த்து, எதிரில் நிற்பவரைப் பார்த்து, அவர் எத்தனை நாளில் கொடுப்பார், கொடுக்காமலே போவாரா என்று கணித்து வாயால் ஒரு விலை சொல்வார்கள். நோட்டீஸில் அச்சான விலை இதையெல்லாம் ஒரே அடியில் தள்ளிவிட்டது. கோமகள் வந்தாலும் வண்டிக்காரர் மனைவி வந்தாலும் கஜம் இன்ன விலைதான். இதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறுக்க மனம் வரவில்லை. ஆனால் அந்தச் சமத்துவம் காசு வைத்திருப்பவர்களுக்கு இடையிலானது. காசில்லாதவர் பழைய கடையில் பழைய விலைக்குத்தான் பற்று வைத்து வாங்கினார். மலிவு விலை அவருக்கு எதிரே சுவரில் ஒட்டியிருந்தது, அவ்வளவுதான்.

இனி அந்த முகம். மலிவுச் சரக்கு எங்கிருந்து வந்தது என்பதை நோட்டீஸ்கள் பல சமயம் ஒளிக்கவில்லை, அதுவே விளம்பரம். நொடித்துப்போன வியாபாரியின் சரக்கு, ஏலத்தில் எடுத்தது, ஆகவே மலிவு. நம் பக்கத்தில் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார் என்று குரலைத் தாழ்த்திச் சொல்கிற ஒன்றை அங்கே தடித்த எழுத்தில் போட்டார்கள். சோல்பி காலத்துச் சட்டப்படி, ஒருவருக்கு 100 பவுண்டு தர வேண்டியிருக்கிற வியாபாரியைத் திவாலாக அறிவிக்கச் சொல்லிக் கடன் கொடுத்தவர் கேட்கலாம். சரக்கு கைமாறும், ஏலம் நடக்கும், வந்ததைப் பங்கிடுவார்கள். கடன் கொடுத்தவர்களில் பெரும்பகுதியினர் சம்மதித்துக் கையெழுத்திட்டால் அவருக்குச் சான்றிதழ் கிடைக்கும். பழைய கடன் தீர்ந்தது, திரும்பக் கடை போடலாம். இப்போது அந்த ஏலத்தை நினைத்துப் பாருங்கள். அலமாரியைக் கழற்றி வெளியே வைத்திருக்கிறார்கள். நேற்றுவரை எந்தப் பெட்டியில் எந்த ரிப்பன் இருக்கிறது என்று அந்தக் கடைக்காரரின் மனைவியிடம் கேட்டு வாங்கிய பெண்கள் இன்று பெட்டியோடு விலை கேட்கிறார்கள். ஒரு காலத்தில் அவரே கண்ணும் கருத்துமாகக் குறித்த ரகசிய எழுத்து அந்தத் துணிக்கட்டின் ஓரத்தில் அப்படியே இருக்கும். எதிர்ச்சாரிக் கடைக்காரர் அதைப் படிக்கக்கூடத் தேவையில்லை, அதற்கும் கீழேதான் எடுக்கப்போகிறார். அடுத்த வாரம் அவர் கடை வாசலில் நோட்டீஸ். வாங்குகிறவர்கள் வெட்கப்பட்டார்களா? பட்டிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். நான் வாங்காவிட்டாலும் யாரோ வாங்கப்போகிறார்கள் என்ற பதில் எந்த ஊரிலும் தயாராக இருக்கிறது. அதற்குமேல், கொடுத்தால் அவருடைய கடன் அடையட்டுமே என்ற இன்னொரு சமாதானமும் உண்டு. அதில் பொய் இல்லை. ஆனால் அந்தச் சமாதானம் ஒருவரையும் அடக்க விலை கொடுக்க வைத்ததாகத் தெரியவில்லை.

விழுந்தவரின் சரக்குக்குத்தான் கூட்டம் வருகிறது என்று தெரிந்ததும் வியாபாரிகள் விழுவதுபோல் நடிக்கக் கற்றுக்கொண்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் விளம்பரங்களில் என்னை அதிகம் தொந்தரவு செய்வது இதுதான். கடையைக் காலி செய்கிறோம், அசலுக்குக் கீழே, பெரும் தியாகம், தீயில் தப்பிய சரக்கு என்று மாறி மாறி அறிவிப்புகள். காலி செய்கிற கடை அடுத்த ஆண்டும் காலி செய்துகொண்டே இருக்கும். தன் அழிவைத் தானே கூவி விற்பது என்ற யோசனை முதலில் யாருக்குத் தோன்றியதோ! அந்தோனி ட்ரோலப் 1861-62-இல் ‘பிரவுன், ஜோன்ஸ், ராபின்சன்’ ஆகியோரின் பாடுகளைத் தொடர்கதையாக எழுதியபோது இதைத்தான் பிடித்துக்கொண்டார். அவர் காட்டும் கடை லண்டனில் இருக்கிறது. 4,000 பவுண்டு மூலதனத்தில் பெரும் பகுதியை விளம்பரத்தில் கொட்டிவிட்டு, விளம்பரம் இருந்தால் போதும், சரக்கு எதற்கு என்று நம்புகிற கூட்டாளி ஒருவர். ஜன்னலில் விலை குத்திவைத்த மேலங்கியை ஒரு பெண்மணி அதே விலைக்குக் கேட்க, இவர்கள் உள்ளேயிருந்து மட்டமானதை எடுத்துவர, கடையே ரணகளம் ஆகிறது. கடைசியில் அவர்களுக்கு நடப்பது நடிப்பல்ல, நிஜத் திவால். லண்டனில் இது வேடிக்கை. சின்ன ஊரில் பொய்யாக விழுகிறவருக்குப் பக்கத்திலேயே உண்மையாக விழுந்தவர் குடியிருந்தார் என்பதை ட்ரோலப் எழுதவில்லை. அவர் எழுத வந்தது அதுவல்ல. சின்ன ஏமாற்றுகளும் உண்டு. விலைச்சீட்டில் 11 பென்ஸ் என்று பெரிதாக எழுதி, அதன் தோளில் முக்கால் என்பதை எறும்பு அளவில் எழுதுவார்கள். ஷில்லிங் கொடுத்தால் ஒரு ஃபார்திங் மீதி, அதாவது கால் பென்னி. துணிக்கடைக்காரர் அந்தக் கால் பென்னிக்குப் பதிலாகக் குண்டூசிச் சீட்டு ஒன்றை நீட்டுவார். வரிசையாகத் தாளில் குத்திய ஊசிகள். மலிவு என்று சேமித்த காசு கேட்காத ஊசிகளாக மாறி வீட்டுக்கு வந்தது. அந்த ஊசிகளிலும் கடைக்கு ஆதாயம் உண்டு.

நோட்டீஸ்கள் பெண்களைப் பார்த்துப் பேசின, சீமாட்டிகளே என்று மரியாதையாகத்தான். ஆனால் கல்யாணமான பெண்ணுக்கு அன்றைய சட்டத்தில் தனியாகக் கடன் கிடையாது. வீட்டுக்குத் தேவையானதை அவள் பற்று வைத்து வாங்கினால் பொறுப்பு கணவனுடையது. அதனால் விற்பனை நோட்டீஸ் அடித்த அதே வகை அச்சகங்களில் இன்னொரு அறிவிப்பும் வழக்கமாக அச்சானது: இன்னாரின் மனைவி வாங்கும் கடனுக்கு இன்று முதல் நான் பொறுப்பல்ல. ஊர் முழுக்கத் தெரிந்த ஒரு பெண்ணின் பெயர், சந்தை நாளில், சுவரில். இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நினைக்கும்போது மலிவு என்ற சொல்லின் நிறம் மாறிப்போகிறது. ஒரு தாள் அவளை வா வா என்கிறது, மற்றது அவளுக்குக் கொடுக்காதே என்கிறது. இரண்டுக்கும் எழுத்துக் கோத்த கை ஒன்றாக இருந்திருக்கலாம், கூலியும் ஒன்றுதான்.

இதற்கு மாற்றாக ஒரு சித்திரம் ஆங்கில இலக்கியத்தில் இருக்கிறது. எலிசபெத் காஸ்கெல் செஷயரின் நட்ஸ்ஃபோர்டை மனத்தில் வைத்து எழுதிய ‘கிரான்ஃபோர்ட்’. அதில் மேட்டி என்ற வயதான பெண்மணி புதுப் பட்டு வாங்கக் கடைக்குப் போகிறார். அங்கே ஒரு குடியானவர் நீட்டிய ஐந்து பவுண்டு நோட்டைக் கடைக்காரர் வாங்க மறுக்கிறார். அந்த வங்கி மூழ்கப்போகிறதாம். அந்த வங்கியில் மேட்டிக்கும் பங்கு உண்டு. தான் பட்டு வாங்க வைத்திருந்த ஐந்து தங்க நாணயங்களைக் கொடுத்து அந்தச் செல்லாத நோட்டை அவர் வாங்கிக்கொள்கிறார். பிறகு வறுமை வந்து தேயிலை விற்க நேரும்போது, ஊரில் ஏற்கெனவே தேயிலை விற்கும் ஜான்சனிடம் போய், உங்கள் வியாபாரம் கெடுமா என்று கேட்டுவிட்டுத்தான் கடை போடுகிறார். ஜான்சனும் நல்ல தேயிலை அவரிடம்தான் என்று வாடிக்கைக்காரர்களை அனுப்பிவைக்கிறார். மான்செஸ்டரை நினைத்து எழுதிய பெருநகரத்திலிருந்து வரும் வியாபாரி இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொள்கிறார். எனக்குப் பிடித்த பகுதி. ஆனால் நம்பிச் சாய்ந்துகொள்ள முடியவில்லை. மேட்டி பாதிரியார் மகள். அவருக்குக் கிடைத்த கருணை ஒரு கைத்தறிக்காரருக்குக் கிடைத்திருக்குமா? முகம் பார்த்து விலை சொல்கிற கடையில் முகம் பார்த்து இரக்கமும் அளந்துதான் கொடுப்பார்கள். பற்று நோட்டைக் கருணை என்று மட்டும் பார்ப்பதும் தவறு, அது கால்விலங்கும்கூட. கடன் இருக்கிறவரை வேறு கடைக்குப் போக முடியாது, கலப்பட மாவைக் கொடுத்தாலும் வாயைத் திறக்க முடியாது. 1844 டிசம்பர் 21-ஆம் தேதி அதே லங்காஷயரின் ராச்டேல் ஊரில், டோட் சந்தில் ஒரு சின்னக் கடையைத் திறந்த கூட்டுறவு முன்னோடிகள் இதை அறிந்திருந்தார்கள். 28 பேர் என்பது வழக்கமான கணக்கு. வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ் மாவு, மெழுகுவத்தி. கடன் கிடையாது, அதில் கறார். ஆனால் மலிவு என்று கூவவும் இல்லை. ஊரில் நடக்கும் விலைக்கே விற்று, ஆதாயத்தை அவரவர் வாங்கிய அளவுக்குப் பிரித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். மீதிப் பாதியை யார் கொடுத்தது என்ற என் கேள்விக்கு அந்தக் கடையில் பதில் இருந்தது. கணக்குப் புத்தகத்தில் எழுதி, உறுப்பினர்கள் பார்க்கும்படி வைத்திருந்தார்கள். ஒரு நியாயமான கடை நோட்டீஸைவிடக் கணக்குப் புத்தகத்தைத்தான் காட்டும் என்பது என் கட்சி.

மற்ற கடைகளின் கணக்கை இறுதியில் முடித்து வைத்தது சட்டம்தான், அதுவும் ஒரு பக்கமாக. திவால் என்ற வசதி 1861 வரை வியாபாரிகளுக்கு மட்டுமே. விவசாயிக்கும் கூலிக்காரருக்கும் இல்லை. நொடித்த கடைக்காரர் சான்றிதழோடு வெளியே வரலாம். அவர் நோட்டில் பற்று எழுதிய வண்டிக்காரர் கொடுக்க முடியாவிட்டால் சிறைக்குப் போக வேண்டும். லங்காஷயர் கடனாளிகளுக்கு லங்காஸ்டர் கோட்டை இருந்தது. அல்வர்ஸ்டனிலிருந்து அதற்கு நேர்வழி அந்த ஈர மணல்தான். 1846-இல் சிறுகடன் வழக்குகளுக்கென மாவட்ட நீதிமன்றங்கள் வந்தபின், துணி மூட்டையோடு வீடு வீடாகப் போய்த் தவணைக்கு விற்றவர்கள் அவற்றை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார்கள். கடனுக்குச் சிறை என்பதை 1869-ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்துவிட்டதாகப் பாடப் புத்தகங்கள் சொல்லும். அதே சட்டத்தின் ஐந்தாம் பிரிவு, வசதி இருந்தும் கொடுக்கவில்லை என்று நீதிபதிக்குத் தோன்றினால் கடனாளியை ஆறு வாரம் வரை உள்ளே வைக்க அனுமதித்தது. சாதாரணக் கடன்களுக்கு அந்த அதிகாரத்தை எடுத்துவிட 1970-ஆம் ஆண்டுச் சட்டம் வர வேண்டியிருந்தது.